வளைவதற்கென்றே வைத்த உலோகம்

(பாடசாலை நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



வைத்தியர் ஒருவர் கட்டடங்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறாரே என்று நீங்கள் நினைக்கக்கூடும். நான் வேலை செய்வது நியூசிலாந்தின் வெலிங்டன் நகரில். நிலநடுக்கத்தை எண்ணாமல் அங்கே எதையும் கட்டுவதில்லை. நிலம் நடுங்கியதும் காயப்பட்டவர்களை வைத்தியசாலைக்குத்தான் கொண்டு வருவார்கள். அந்த வைத்தியசாலையே இயங்காவிட்டால் என்ன செய்வது? இது எங்கள் தொழிலின் கேள்வியுந்தான்.

கலிபோர்னியாவில் ஒலிவ் வியூ என்றொரு வைத்தியசாலை. புதிதாகக் கட்டிய அந்த வைத்தியசாலை 1971 ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் சிதைந்தது. அடுத்த முறை அதை மிகப் பலமாகக் கட்டினார்கள். 1994 இல் மீண்டும் நிலம் நடுங்கியபோது தூண்களும் சுவர்களும் அசையாமல் நின்றன. ஆனால் உள்ளே குழாய்கள் உடைந்து தண்ணீர் பாய்ந்ததால் நோயாளிகளை வெளியேற்ற வேண்டியதாயிற்று. கட்டடம் தப்பியது, வைத்தியசாலை தப்பவில்லை.

விறைப்பாக நிற்பது மட்டும் போதாது என்பதே இதிலுள்ள பாடம். நிலம் கொடுக்கும் சக்தி எங்கேயாவது போய்ச் சேர்ந்தாக வேண்டும். உயர்தர வகுப்பில் பௌதிகம் படித்தவர்களுக்கு ஞாபகமிருக்கும்: கம்பியில் நிறைகளைத் தொங்கவிட்டு நீட்சியை அளப்போம். மீள்தன்மை எல்லையைத் தாண்டினால் கம்பி பழைய நீளத்துக்குத் திரும்பாது. ஒரு கட்டுக்கம்பியை இப்படியும் அப்படியுமாகப் பல தடவை வளைத்துப் பாருங்கள், வளைத்த இடம் சுடும். உங்கள் கை கொடுத்த சக்திதான் அங்கே வெப்பமாக மாறியிருக்கிறது.

இதையே பொறியியலாளர்கள் வேண்டுமென்று செய்கிறார்கள். தூணும் உத்தரமும் சேதமடைவதற்கு முன்னரே வளையக்கூடிய உலோகத் துண்டுகளைக் கட்டடத்தில் தெரிந்தெடுத்த இடங்களில் பொருத்துகிறார்கள். அதிர்வின் சக்தியை அவை வாங்கி வெப்பமாக்கிவிடுகின்றன. கெலி, ஸ்கின்னர், ஹைனே ஆகிய மூவரும் 1972 இல் நியூசிலாந்தில் இதுபற்றி எழுதிய கட்டுரை இத்துறையின் தொடக்கங்களில் ஒன்று. பின்னர் வந்த உருக்குத் தகடுகளில் ஒருவகை உடுக்கு வடிவானது. இரு முனைகளும் அகன்று நடு ஒடுங்கியிருக்கும். ஓரிடத்தில் மட்டும் வளைந்து முறியாமல் தகடு முழுவதும் சேர்ந்து வளைவதற்காகவே அந்த வடிவம். 1985 நிலநடுக்கத்தின் பின் மெக்சிக்கோ நகரில் பழைய கட்டடங்களைப் பலப்படுத்தவும் இவற்றைப் பயன்படுத்தினார்கள்.

உருக்கு களைத்துப் போகும். எத்தனை தடவை வளையலாம் என்பதற்கு ஒரு கணக்குண்டு. ஆகவே இத்துண்டுகளைப் பார்க்கவும் கழற்றி மாற்றவும் வசதியான இடத்தில் வைக்க வேண்டும். ஈயத்தின் குணம் வேறு. சாதாரண வெப்பநிலையிலேயே அதன் உள்ளமைப்பு மீண்டும் சீராகிவிடும். நியூசிலாந்தரான பில் ரொபின்சன் 1970களில் இறப்பரும் உருக்குத் தகடுகளும் அடுக்கிய தாங்கியின் நடுவே ஈயத்தை வைத்தார். இறப்பர் கட்டடத்தை நிலத்திலிருந்து விலக்கி மெல்ல அசைய விடும். ஈயம் அந்த அசைவை அடக்கும். 1981 இல் வெலிங்டனில் வில்லியம் கிளேற்றன் கட்டடம் இத்தகைய தாங்கிகளின் மேல் எழுந்தது.

இதன் பயனைக் கிறைஸ்ட்சேர்ச் நகரில் கண்டோம். அந்நகரின் நடுவே ஓடும் பிரதான வீதியின் பெயர் கொழும்பு வீதி. இலங்கையிலிருந்த அங்கிலிக்கன் மறைமாவட்டத்தின் பெயரால் வந்தது. 2011 பெப்ரவரி 22 நண்பகல் கடந்து வந்த நடுக்கத்தில் அவ்வீதியிலும் சுவர்கள் சரிந்து ஆட்கள் இறந்தார்கள். மொத்தம் 185 பேர் மாண்டனர். அவர்களில் 115 பேர் ஒரே கட்டடத்தில் இருந்தவர்கள். அதே நகரில் 2005 இல் திறக்கப்பட்ட பெண்கள் வைத்தியசாலை ஈயமும் இறப்பரும் சேர்ந்த தாங்கிகளின் மேல் நின்றது. அது தொடர்ந்து இயங்கியது. தாய்மாரும் பச்சைக் குழந்தைகளும் இருக்கும் இடம் அது என்பதை நான் உங்களுக்கு விளக்கத் தேவையில்லை.

எங்களுக்கு அண்மையிலும் ஓர் உதாரணம் உண்டு. 2001 ஜனவரி 26 இல் குஜராத்தின் பூஜ் நகர அரச வைத்தியசாலை இடிந்து விழுந்தது. திரும்பக் கட்டியபோது இவ்வகைத் தாங்கிகளையே அடியில் வைத்தார்கள். முதல் தடவையே வைத்திருந்தால் என்ற எண்ணம் எனக்கு எப்போதும் வரும்.

இலங்கை புவித்தட்டுகளின் விளிம்பில் இல்லை. ஆனால் இந்தப் பாடசாலையின் பிள்ளைகள் இன்று வன்கூவரிலும் லொஸ் ஏஞ்சல்சிலும் டோக்கியோவிலும் இருக்கிறார்கள். வீடு வாங்கும்போதும், பிள்ளையைப் பாடசாலையில் சேர்க்கும்போதும், வைத்தியசாலைக்கு நிதி சேர்க்கும்போதும் மூன்று கேள்விகள் கேளுங்கள். இது விழாமல் நிற்குமா? மறுநாள் உள்ளே வேலை செய்யலாமா? வளைய வேண்டிய பகுதி எது, அதை மாற்ற முடியுமா? முதலாவது கேள்வியைப் பலரும் கேட்கிறார்கள். மற்ற இரண்டையும் கேட்பவர்கள் குறைவு.

கேள்வி கேட்கக் கற்றுத் தந்த பாடசாலைக்கு என் வணக்கம். அவள் இன்னும் பல நூற்றாண்டு வாழ்க.