வழக்குரைத்த இசைத்தட்டு



உயர்தர வகுப்பில் ஒருநாள் சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையைப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பாடம் முடியும் தறுவாயில் ஒரு மாணவன் எழுந்தான். "சேர், அமெரிக்காவிலை பொலிசுக்கு எதிரா ஒரு றப் பாட்டு இருக்குது. அதுவும் கோட்டிலை வழக்குச் சொல்லுற மாதிரித்தான். அதையும் இலக்கியம் எண்டு சொல்லலாமோ?" என்று கேட்டான்.

"தூஷணம் இலக்கியமாகாது, இரும்" என்றேன். வகுப்புச் சிரித்தது. அவன் இருந்துவிட்டான். ஆனால், நான் கேட்டறியாத ஒன்றுக்குத் தீர்ப்பு வழங்கிவிட்டேன் என்ற உறுத்தல் வீடுவரை என்னுடன் வந்தது. அந்த இசைத்தட்டைத் தேடிக் கேட்டேன். அதுபற்றியதே இன்றைய பேச்சு.

கலிபோர்னியாவில் லொஸ் ஏஞ்சலிஸ் நகருக்குத் தெற்கே உள்ளது கொம்ப்டன். அப்பகுதியின் பெரிய தொழிற்சாலைகள் பல 1980களின் தொடக்கத்தில் மூடப்பட்டன. வேலை போன இடத்தில் போதைப்பொருள் வந்தது. அதன் பின்னால் இளைஞர் கும்பல்களின் துப்பாக்கிச் சண்டைகள் பெருகின. பொலிசாரும் சுற்றிவளைப்பில் இறங்கினர். 1988 ஏப்ரலில் ஒரே வார இறுதியில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் லொஸ் ஏஞ்சலிசில் கைதாயினர்.

அதே 1988இல் என்.டபிள்யூ.ஏ. என்ற குழு தன் முதலாவது இசைத்தட்டை வெளியிட்டது. 'ஸ்ட்ரெயிற் அவுட்டா கொம்ப்டன்' என்பது அதன் பெயர். கொம்ப்டனிலிருந்து நேரே வருகிறோம் என்பது பொருள். ஈசி-ஈ தொடங்கிய சிறு நிறுவனம் அதனைத் தயாரித்தது. டொக்டர் ட்றேயும் டீஜே யெல்லாவும் பழைய கறுப்பின இசைத்தட்டுகளின் தாளத் துண்டுகளை வெட்டி ஒட்டி இசையமைத்தனர். ஐஸ் கியூப்பும் எம்.சி. றென்னும் பாட்டுகளில் பெரும்பகுதியை எழுதினர். கியூப்புக்கு அப்போது பத்தொன்பது வயது. ஆறு கிழமைகளில் அவசரமாகச் செய்து முடித்த வேலை என்று ட்றே பின்னாளில் அதைக் குறைத்தே பேசினார்.

மாணவன் குறிப்பிட்ட பாட்டு உண்மையிலேயே ஒரு நீதிமன்றக் காட்சி. ட்றே நீதிபதி. பொலிஸ் எதிரி. பாடகர்கள் ஒவ்வொருவராகச் சாட்சிக் கூண்டில் ஏறுகின்றனர். ஈற்றில் பொலிஸ் குற்றவாளி என்று தீர்ப்பாகிறது. வசைமொழிக்குக் குறைவில்லை. எனினும் வசைக்குள்ளே ஒரு முறைப்பாடு இருக்கிறது: வழியில் மறித்துச் சோதிக்கப்படுபவனின் முறைப்பாடு. அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி வரிசையில் நின்ற எனக்கு அதை விளங்கிக்கொள்ள அகராதி தேவைப்படவில்லை.

1989 ஓகஸ்டில் சமஷ்டிப் புலனாய்வுப் பணியகத்தின் உயர் அதிகாரி ஒருவர், இப்பாட்டு வன்முறையைத் தூண்டுகிறதென இசைத்தட்டை விநியோகித்த நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினார். முந்திய ஆண்டில் 78 காவல் அதிகாரிகள் கொல்லப்பட்டதை அதில் நினைவூட்டினார். அந்தக் கவலையையும் நாம் புறந்தள்ள இயலாது. ஆனால் கடிதம் பாட்டை அடக்கவில்லை. வானொலிகளின் ஆதரவு பெரிதாக இல்லாமலே பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட பிரதிகள் விற்றன.

1991 மார்ச்சில் றொட்னி கிங் என்ற கறுப்பினத்தவரை லொஸ் ஏஞ்சலிஸ் பொலிசார் அடித்ததை ஒருவர் ஒளிப்பதிவு செய்தார். உலகமே பார்த்தது. 1992 ஏப்ரல் 29இல் மாநில நீதிமன்றத்தில் நால்வரில் எவரும் குற்றவாளியாகக் காணப்படவில்லை. நகரம் எரிந்தது, 50க்கு மேற்பட்டோர் மாண்டனர். பாட்டு இதனை முன்னறிந்தது என்று நான் சொல்லமாட்டேன். முறைப்பாடு முன்பே இருந்தது. காது கொடுப்பார்தான் இல்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. இவ்விசைத்தட்டில் பெண்களைப் பற்றி வரும் சொற்களை என் மகள் முன் நான் ஒலிக்கவிடமாட்டேன். சொல் சொல்லோடு நிற்கவும் இல்லை. 1991இல் ட்றே ஒரு பெண் தொலைக்காட்சி அறிவிப்பாளரைத் தாக்கினார். தாம் புண்படுத்திய பெண்களிடம் 2015இல்தான் பகிரங்கமாக மன்னிப்புக் கோரினார்.

கண்ணகி அரசனின் அவையில் வழக்குரைத்தாள். கேட்டு உணர்ந்த அரசன் தன்னையே குற்றவாளியாகக் கண்டு உயிர்விட்டான். கொம்ப்டன் இளைஞருக்கு அத்தகைய அரசன் வாய்க்கவில்லை. ஆகவே வாதியும் சாட்சியும் நீதிபதியும் தாமே ஆயினர். அவர்களின் வலிமையும் அதுதான், குறையும் அதுதான். தன் வழக்குக்குத் தானே நீதிபதியாகிறவன் தன் குற்றத்தை விசாரிப்பதில்லை. அந்த மன்றில் பெண்களின் வழக்கு எடுக்கப்படவேயில்லை.

2017இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் இவ்விசைத்தட்டைத் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் சேர்த்தமையை அறிவித்தது. அடுத்த ஆண்டு, அதே கொம்ப்டனில் வளர்ந்த கென்ட்றிக் லமார் இசைக்கான புலிற்சர் பரிசைப் பெற்றார்.

மறு கிழமை அந்த மாணவனை எழுப்பி, "நீர் கேட்டது நல்ல கேள்வி. கேட்காமலே தீர்ப்புச் சொன்னது என் பிழை" என்றேன். இம்முறை வகுப்புச் சிரிக்கவில்லை. "அப்ப, இலக்கியமோ சேர்?" என்றான் அவன். "வழக்கு உண்மையானது. மற்றதை நீர் எழுதிக்கொண்டு வாரும், பார்ப்பம்" என்றேன். கட்டுரை இன்னும் வரவில்லை, காத்திருக்கிறேன்.