கட்சிக்காரர் பணம்



நெய்யாறு அணைக்கு அருகே, மேற்குமலைச் சரிவில் அமைந்த ஊர் அம்பூரி. 1956 நவம்பர் 1-ஆம் நாள் விளவங்கோடும் கல்குளமும் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. எல்லை மாறிற்று, எல்லையோரத் தமிழ்க் குடும்பங்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. ரப்பர்ப் பால் வெட்டிப் பிழைக்கும் நம்மவருக்கு விபத்து நேர்ந்து, நஷ்டஈட்டு வழக்கு என்று வந்தால், கோர்ட்டின் மொழி மலையாளமும் ஆங்கிலமும். ஆகவே வக்கீல் காட்டிய இடத்தில் கையொப்பம் இடுகிறோம். வக்கீல்களிற் பலர் நேர்மையாளரே. ஆயினும், நம்பிய ஒருவரே பணத்தைப் பெற்றுத் தம்மிடம் வைத்துக்கொண்டால் என் செய்வது?

தில்லியில் அத்தகைய முறையீடு ஒன்று எழுந்தது. செக் திரும்பிய வழக்கில் எதிரி செலுத்திய 25,000 ரூபாய் உரிய வேளையில் தம் கைக்கு வரவில்லை என்றார் கட்சிக்காரர். நுகர்வோர் மன்றத்தை நாடலாம் என்று 2007-இல் தேசிய ஆணையம் கூறியது. வக்கீல் தொழில் அச்சட்டத்துள் அடங்காது என்று 2024 மே 14-இல் உச்சநீதிமன்றம் தீர்த்தது. அந்த வாயில் அடைபட்டது.

இங்கிலாந்தில் 1941-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வக்கீல்களே பணம் செலுத்தி, ஏமாந்த கட்சிக்காரருக்கு ஈடு செய்யும் நிதி ஒன்றை நிறுவினர். நம் நாட்டு 1961-ஆம் ஆண்டு வக்கீல் சட்டம் அத்தகைய நிதியை விதிக்கவில்லை. கேரளத்தில் 1980 முதல் சேமநிதிச் சட்டம் உண்டு; வக்காலத்தில் ஒட்டும் முத்திரையின் பணம் அதற்கே செல்கிறது. அது வக்கீல்களின் நலனுக்கு. கட்சிக்காரர் நலனுக்கும் ஒரு நிதி வேண்டுமென நாம் கேட்பது தவறாகுமா?

அதுவரை நம் காவல் நம்மிடமே உள்ளது. பல வக்காலத்துப் படிவங்களில், கட்சிக்காரருக்காகப் பணம் பெறும் அதிகாரமும் சேர்ந்தே இருக்கும். கையொப்பமிடுமுன் அதனைப் படித்துக் காட்டச் சொல்வோம். ஈட்டுத் தொகை நம் வங்கிக் கணக்கிலேயே சேர வேண்டுமென மனுச் செய்வோம். கொடுத்ததற்கு ரசீது பெறுவோம். கட்சிக்காரர் பணத்துக்கு வக்கீல் கணக்கு வைக்க வேண்டும், பணம் வந்ததை விரைவில் அறிவிக்க வேண்டும் என்பது வக்கீல் மன்றத்தின் விதி.

மீறினால் எர்ணாகுளத்திலுள்ள மாநில வக்கீல் மன்றத்துக்கு எழுதலாம். 35-ஆம் பிரிவின்படி அது கண்டிக்கலாம், தொழிலிலிருந்து சில காலம் நிறுத்தலாம், பெயரையே நீக்கலாம். ஆனால் பெயரை நீக்கினால் பணம் திரும்பிவிடாது. அதற்கு உரிமை வழக்கு வேண்டும். நம்பிக்கை மோசடிக்குப் போலீசிலும் புகார் தரலாம். செலவுக்கு வழியற்றோர் தாலுகா சட்டப்பணிக் குழுவை அணுகலாம். காலம் கடந்தால் உரிமையும் கடந்துவிடும், ஆகவே தயங்கலாகாது.