பிரெஞ்சுக் குழந்தைப் பாடல்களில் மறைபொருள்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் காலனிச் சிறுவர் சிலர் பள்ளியில் பிரெஞ்சு மொழி பயில்கின்றனர். மாலை வேளையில் அவர்கள் கைகோத்துப் பாடும் பாட்டுகளைக் கேட்டு நாமும் மகிழ்கிறோம். அவற்றில் தகாத பொருள் மறைந்துளதாகக் கேள்வியுற்ற தாயார் ஒருவர், 'இவற்றைப் பிள்ளைகள் பாடலாமா?' என்று நம்மை வினவினார். அவ்வினாவே இப்பேச்சுக்கு வித்து.

'ஓ கிளேர் த லா லூன்' என்னும் நிலாப் பாட்டை எடுத்துக்கொள்வோம். ஒருவன் தன் நண்பன் பியரோவின் கதவைத் தட்டுகிறான். மெழுகுவத்தி அணைந்துவிட்டதாம்; எழுதுதற்கு இறகுப் பேனா வேண்டுமாம். படுக்கையை விட்டெழ மனமில்லாத பியரோ அவனை அண்டை வீட்டுக்காரியிடம் அனுப்புகிறான். அவள் அடுக்களையில் சிக்கிமுக்கி தட்டும் ஓசை கேட்கிறதாம். இதில் குற்றம் என்ன? சிக்கிமுக்கி தட்டுதல் என்பது பழைய பிரெஞ்சுப் பேச்சில் காதற் கூட்டத்தைக் குறிக்கும் இடக்கரடக்கல். பாட்டின் முடிவில் இருவர்க்கும் பின்னே கதவு சாத்தப்படுகிறது.

ஆயினும், மறைபொருள் என்று சொல்லப்படுவன யாவும் மெய்யல்ல. வட்டமாக அமர்ந்து, கயிற்றில் கோத்த மோதிரத்தைக் கைக்குள் மறைத்துக் கடத்தும் விளையாட்டுக்கு ஒரு பாட்டு உண்டு. அதில் இரண்டு எழுத்துகளை இடம் மாற்றினால், பாதிரியார் ஒருவரைப் பழிக்கும் கொச்சை மொழி வந்துவிடும். கார்டினல் துபுவாவை ஏசவே அது கட்டப்பட்டது என்பர். எழுத்து மாறினால் பொருள் மாறுவது மெய்; மற்றது ஊகமே.

மால்புரூ போருக்குச் சென்ற பாட்டோ வரலாற்றோடு பிணைந்தது. மால்புரூ எனப்படுபவர் ஆங்கிலப் படைத்தலைவர் மார்ல்பரோ கோமகன். 1709-இல் மால்ப்ளாக்கே போரில் பிரெஞ்சுப் படையை வென்றவர். பாட்டிலோ அவர் மாண்டுவிடுகிறார்! கோபுரமேறி வழி பார்க்கும் மனைவியிடம், கரிய உடையணிந்த பணியாள் செய்தி கூறுகிறான். நான்கு வீரர் சவ ஊர்வலத்தில் செல்கின்றனர். மூவர் கையில் கவசமும் கேடயமும் வாளும். நான்காமவன் கையில் ஒன்றுமில்லை. ஒப்பாரிக்குள் ஒளிந்த நகைப்பு இதுவே. களத்தில் வெல்ல முடியாதவரைப் பாட்டில் கொன்று புதைத்துவிட்டார்கள்! மெய்யான மார்ல்பரோ 1722 வரை வாழ்ந்தார்.

பிற்காலத்தில் வெர்சாய் அரண்மனையில், அரசிளங்குழவியின் செவிலி இதைப் பாட, அரசி மரீ அந்துவானெத் விரும்பிக் கேட்டாள்; பாட்டு நாடெங்கும் பரவிற்று. ஆங்கிலேயரும் இம்மெட்டை விட்டாரில்லை. நம் அலுவலகப் பிரிவுபசார விருந்துகளில் 'ஜாலி குட் ஃபெலோ' என்று முழங்குகிறோமே, அது இந்தச் சவ ஊர்வலத்தின் மெட்டுத்தான்!

அத்தாயாரிடம், பிள்ளைகள் பாடட்டும் என்றோம். பொருள் கேட்டால் மால்புரூவின் கதையைச் சொல்லுங்கள், சிக்கிமுக்கி காத்திருக்கட்டும்.

நிற்க. 1860 ஏப்ரல் 9-ஆம் நாள் ஸ்காட் த மார்த்தென்வில் என்னும் பிரெஞ்சுக்காரர், புகைக்கரி பூசிய தாளில் ஒலியலைகளைக் கோடுகளாகப் பதித்தார். 2008-இல் அமெரிக்க ஆய்வாளர் அக்கோடுகளை மீண்டும் ஒலியாக்கினர். வந்தது நம் நிலாப் பாட்டு! யாரோ ஒரு சிறுமியின் குரல் என்றே முதலில் கருதினர். வேகத்தைத் திருத்திக் கேட்டபோது அது ஓர் ஆண்மகனின் குரல்; பெரும்பாலும் ஸ்காட்டின் குரலே. அவர் பாடியதும், பியரோ மறுமொழி சொல்லத் தொடங்கும் இடத்தைத்தான்.