கேஸ் ஷீட்டைக் கேட்பது பகையா?



மருத்துவத் தவறால் ஓர் உயிரைப் பறிகொடுத்த குடும்பம் நாடவேண்டியது நீதியையா, மன்னிப்பையா என்பது இந்தப் பட்டிமன்றத்தின் தலைப்பு. நீதியைத்தான் என்று சொல்ல வந்திருக்கிறேன். நானும் டாக்டர்தான். திருச்சி தில்லை நகரில் மருத்துவம் பார்க்கிறவள். என் தொழிலுக்கு எதிராக நானே பேசுவதாகச் சிலர் நினைக்கலாம். தொழில் மீது அக்கறை இருப்பதால்தான் இந்த அணியைக் கேட்டு வாங்கினேன்.

எதிரணித் தலைவர் மெய்ப்பொருள் நாயனாரின் கதையை உருக்கமாகச் சொன்னார். கேட்டு எனக்கும் கண் கலங்கியது. திருக்கோவலூரை ஆண்ட மன்னர்; அடியார் வேடத்தில் வந்த முத்தநாதன் சுவடிக்கட்டுக்குள் மறைத்து வைத்திருந்த கத்தியால் அவரைக் குத்தினான்; உயிர் போகிற நேரத்திலும் அவனைப் பத்திரமாக ஊர் எல்லை தாண்டி விட்டுவரும்படி காவலன் தத்தனுக்குக் கட்டளையிட்டார். அதைவிடப் பெரிய மன்னிப்பு நம் இலக்கியத்தில் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஐயா, ஒன்றை விட்டுவிட்டீர்கள். நாயனார் கத்தியைப் பார்த்தார். குத்தியவன் முகத்தைப் பார்த்தார். எங்கே குத்துப்பட்டது, யார் குத்தினார்கள், எதற்குள் மறைத்துக் கொண்டுவந்தார்கள் என்பதெல்லாம் தெரிந்த பிறகு மன்னித்தார்.

ஐ.சி.யூ. கதவுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் மூன்று ராத்திரி உட்கார்ந்திருந்த மனைவிக்கு என்ன தெரியும்? உள்ளே எந்த ஊசி போட்டார்கள், எத்தனை மணிக்குப் போட்டார்கள், பெரிய டாக்டர் வந்து பார்த்தாரா, போனிலேயே சொல்லி முடித்தாரா, ஒன்றும் தெரியாது. "எங்களால முடிஞ்சதைப் பார்த்துட்டோம்மா" என்ற ஒரு வரியும் ஒரு பில்லும்தான் அவர் கைக்கு வருகின்றன. அவரிடம் போய் "மன்னித்துவிடு" என்றால், யாரை மன்னிப்பார்? எதற்காக மன்னிப்பார்?

நடுவர் அவர்களே, ஒரு டாக்டரின் கதையைச் சொல்கிறேன். குணால் சாஹா. அமெரிக்காவில் எய்ட்ஸ் ஆராய்ச்சியில் இருந்தவர். 1998-இல் மனைவி அனுராதாவுடன் கொல்கத்தாவுக்கு வந்தார். அந்தப் பெண் குழந்தை உளவியல் படித்தவர், வயது 36. ஏப்ரல் மாதக் கடைசியில் உடம்பில் தடிப்பு வந்தது. ஊரில் மிகப் பெரிய பெயர் பெற்ற மருத்துவரிடம் காட்டினார்கள். அவர் டெப்போ-மெட்ரால் என்ற ஸ்டீராய்டு ஊசியை எழுதினார். உடம்பில் தங்கி மெதுவாக வேலை செய்கிற மருந்து அது. ஒரு தடவை போட்டால் அடுத்த ஊசிக்கு நாள்கணக்கில், வாரக்கணக்கில் இடைவெளி விடவேண்டும். இங்கே எழுதப்பட்டது 80 மில்லிகிராம், நாளைக்கு இரண்டு வேளை.

நோய் முற்றியது. டாக்சிக் எபிடெர்மல் நெக்ரோலிசிஸ். தீக்காயம் பட்டதுபோல் தோல் உரிந்து வருகிற கொடுமையான நோய் அது. மே 11-ஆம் தேதி ஏ.எம்.ஆர்.ஐ. மருத்துவமனையில் சேர்த்தார்கள். அங்கிருந்து விமானத்தில் மும்பைக்குக் கொண்டுபோனார்கள். மே 28-ஆம் தேதி பிரீச் கேண்டி மருத்துவமனையில் அனுராதா இறந்துபோனார்.

குணால் சாஹாவும் நம்மைப்போல் "விதி" என்று இருந்திருக்கலாம். எதிரே இருந்தவர்கள் அவருடைய தொழில்காரர்கள், மூத்தவர்கள். ஆனால் அவர் வழக்குப் போட்டார். தேசிய நுகர்வோர் ஆணையம் 2006-இல் மனுவைத் தள்ளுபடி செய்தது. உச்ச நீதிமன்றம் போனார். 2009-இல் அலட்சியம் நடந்தது உண்மைதான் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2013 அக்டோபர் 24-ஆம் தேதி இழப்பீடாக 5 கோடியே 96 லட்ச ரூபாய்க்கு மேல் விதித்தது. மனைவி இறந்து 15 வருஷம் கழித்து! அந்த நீதிமன்றத்தில் தன் வாதத்தைத் தானே எடுத்துவைத்தார்.

பணத்தொகையைக் கேட்டதும் கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது, எனக்குக் கேட்டது. பணத்தை ஒரு பக்கம் வையுங்கள். அந்த 15 வருஷத்தில் என்னென்ன வெளியே வந்தது என்று பாருங்கள். மருந்தின் அளவு தவறு என்பது வந்தது. தோல் உரிந்த நோயாளிக்குத் தேவையான சலைன், தொற்று வராமல் காக்கும் பராமரிப்பு ஆகியவற்றில் விழுந்த குறை வந்தது. வழக்குப் போடாமல் அவர் மன்னித்திருந்தால் இதில் ஒரு வரிகூட எழுத்தில் இருந்திருக்காது. அதே ஊசி இன்னொரு பெண்ணுக்கும் அதே அளவில் எழுதப்பட்டிருக்கலாம். ஒரு டாக்டராக அந்த எண்ணம்தான் என்னை நடுங்க வைக்கிறது.

"நீதி என்பது பழிவாங்கல்" என்று எதிரணித் தங்கை சொன்னார். அம்மா, அதே மரணத்துக்காகச் சாஹாவின் உறவினர் கிரிமினல் வழக்கும் தொடர்ந்தார். அதில் மருத்துவர்கள் விடுதலை ஆனார்கள். அந்த விடுதலையை உறுதி செய்ததும் 2009-இல் இதே உச்ச நீதிமன்றம்தான். அலட்சியத்துக்குப் பொறுப்பு ஏற்கவேண்டும், அதற்காகச் சிறைக்குப் போகவேண்டிய குற்றம் இதில் நிரூபணமாகவில்லை என்று கோடு கிழித்தது. 2005-இல் ஜேக்கப் மேத்யூ வழக்கிலும் அப்படித்தான்: சுயேச்சையான ஒரு மருத்துவரின் கருத்தைக் கேட்காமல் டாக்டர் மீது கிரிமினல் நடவடிக்கை எடுக்காதே, சும்மா கைது செய்யாதே என்று காவல்துறைக்குச் சொன்னது. பழிவாங்குகிறவனுக்கு இந்த நிதானம் கிடையாது. என் மருத்துவ நண்பர்கள் பயப்படவேண்டியது சட்டத்தைக் கண்டு அல்ல. கேட்க வழியே இல்லாமல் அடக்கி வைத்த துக்கம்தான் ஒருநாள் ஆஸ்பத்திரிக் கண்ணாடியை உடைக்கிறது, டியூட்டி டாக்டரின் சட்டையைப் பிடிக்கிறது.

இந்த ஊரில் வழக்குப் போடுவது ஏன் இவ்வளவு கஷ்டம் என்று யோசித்திருக்கிறேன். மலைக்கோட்டையில் இருப்பவர் தாயுமானவர். வெள்ளத்தில் வரமுடியாமல் போன தாயின் இடத்தில் தானே தாயாக வந்து பிரசவம் பார்த்த சாமி. அந்த நம்பிக்கையோடு வளர்ந்தவர்கள் நாம். பிரசவம் பார்த்த டாக்டரம்மாவைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு அவரையே எதிர்த்துக் கேள்வி கேட்க நமக்கு நாக்கு எழாது. "போன உசுரு திரும்பி வரவா போகுது, கோர்ட்டு கேஸுன்னு எதுக்கு அலையணும், பெரியவங்க பேசி முடிச்சுக்கலாம்" என்று நாலு பேர் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். ஒரு கவர் கைமாறும். அதற்கு மன்னிப்பு என்று பெயர் வைப்பார்கள். அந்தக் கவரை வாங்கிய வீடுகளுக்கு நான் வைத்தியம் பார்த்திருக்கிறேன். தூக்க மாத்திரை கேட்டு வருகிறார்கள். வருஷங்கள் போனபிறகும், "அன்னைக்கு ராத்திரி என்னதான் டாக்டர் நடந்திருக்கும்?" என்று என்னிடம் கேட்கிறார்கள்.

தென்னாப்பிரிக்காவைப் பற்றி எதிரணி பேசியது. மன்னிப்பால் நாடு எழுந்தது என்றது. அங்கேயும் ஒரு மருத்துவ வழக்கு உண்டு. 1977-இல் நிறவெறி எதிர்ப்புப் போராளி ஸ்டீவ் பீக்கோ போலீஸ் காவலில் தலையில் அடிபட்டு இறந்தார். காவலில் அவரைப் பார்த்த இரண்டு டாக்டர்கள், மூளையில் காயம் என்பதற்கான அறிகுறிகள் இருந்தும் கண்டுகொள்ளவில்லை. அந்நாட்டு மருத்துவக் கவுன்சில் அவர்களை விட்டுவிட்டது. விடாமல் நீதிமன்றம் போனவர்கள் யார் தெரியுமா? டாக்டர்கள்! பிரான்சஸ் ஏம்ஸ் என்ற பெண்மணியும், இந்திய வம்சாவளியான யூசுப் வெரியாவாவும், இன்னும் சிலரும். நீதிமன்றம் உத்தரவிட்டு, 1985-இல் கவுன்சில் மறுபடி விசாரித்தது. இருவரில் பெஞ்சமின் டக்கர் என்பவரின் பதிவு பறிக்கப்பட்டது. அதன் பிறகுதான் டக்கர் 1991-இல் தன் தவறை எழுத்தில் ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தார்; மறுபடியும் தொழில் செய்ய அனுமதி பெற்றார். அவரை வாய்திறக்க வைத்தது எது நடுவர் அவர்களே? சக டாக்டர்கள் தொடுத்த வழக்கு. ஆர்ச்பிஷப் டூட்டு தலைமையேற்ற உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையமும் உண்மை முழுவதையும் சொன்னவருக்குத்தான் பொதுமன்னிப்புத் தரலாம் என்ற விதியில் இயங்கியது. பீக்கோவை அடித்த போலீஸ்காரர்கள் உண்மையை மறைத்தார்கள். 1999-இல் அவர்களுக்கு மன்னிப்பு மறுக்கப்பட்டது.

வள்ளுவர் பொறையுடைமையை இல்லறத்தில் வைத்தார், செங்கோன்மையை அரசியலில் வைத்தார். வீட்டில் அண்ணன் தம்பிக்குள் பொறுத்துப் போகலாம். மயக்க மருந்து கொடுத்து ஒருவரைப் படுக்க வைத்திருக்கும்போது அந்த அறையில் டாக்டருக்கு இருப்பது ஓர் அரசனுடைய அதிகாரம். அதிகாரம் இருக்கிற இடத்தில் கணக்குக் கேட்கத்தான் வேண்டும். என்னிடமும் கேட்கவேண்டும்.

எப்படிக் கேட்பது? மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி, உள்நோயாளியின் ஆவணங்களை டாக்டர் 3 வருஷம் வைத்திருக்கவேண்டும். நோயாளியோ உரிமையுள்ளவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்கவேண்டும். காசு வாங்கி வைத்தியம் பார்க்கிற மருத்துவமனை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட 2 வருஷம் கெடு. எல்லோருக்கும் இலவசமாகப் பார்க்கிற அரசு ஆஸ்பத்திரி அந்தச் சட்டத்துக்குள் வராது. அதற்கு சிவில் கோர்ட்டும் உயர் நீதிமன்றமும் உண்டு.

இந்த மைதானத்தில் "அன்னைக்கு ராத்திரி என்னதான் நடந்திருக்கும்?" என்ற கேள்வியோடு யாராவது உட்கார்ந்திருந்தால், அம்மா, நாளைக் காலையில் ஒரு வெள்ளைத்தாளை எடுங்கள். நோயாளியின் பெயர், சேர்த்த தேதி, ஐ.பி. நம்பர் எழுதுங்கள். கேஸ் ஷீட், நர்ஸ் சார்ட், மருந்துச் சீட்டு, லேப் ரிப்போர்ட் எல்லாவற்றுக்கும் நகல் கேளுங்கள். கொடுத்ததற்கு ஒரு பிரதியில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். படித்துப் புரியவில்லை என்றால் என் கிளினிக்குக்குக் கொண்டுவாருங்கள், ஃபீஸ் கிடையாது, உட்கார்ந்து வரிவரியாகப் படித்துச் சொல்கிறேன். எல்லாம் சரியாகத்தான் நடந்திருக்கிறது என்றால் அதையும் உங்கள் முகம் பார்த்துச் சொல்வேன். அதன்பிறகு மன்னிப்பதா, வழக்குப் போடுவதா என்று நீங்கள் முடிவு செய்யுங்கள். தீர்ப்பை நடுவரிடம் விட்டு அமர்கிறேன்.