ஊசிக் காதுக்குப் பின்னால் ஒரு வெள்ளைத் தாள்



  வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்கு ஒரு தகவல்.

பேத்தி பாவாடையில் ஒரு பூத்தையல் போட ஆசை. ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. ஊசியை வைத்துவிடுகிறோம். வைக்காதீர்கள். 40 வயதுக்கு மேல் கண்ணின் லென்ஸ் இறுகிக்கொண்டே போகும். கிட்டத்தில் இருப்பது மங்கும். எல்லோருக்கும் வருவதுதான்.

ஊசிக் காதுக்குப் பின்னால் வெள்ளைத் தாளைப் பிடியுங்கள். துளை பளிச்சென்று தெரியும். வெள்ளை நூல் என்றால் கறுப்புத் துணி. கறுப்பு நூலுக்கு வெள்ளை, வெள்ளை நூலுக்குக் கறுப்பு. அவ்வளவுதான்.

நூல் நுனியைப் பல்லால் கடிக்காதீர்கள், பிரிபிரியாகிவிடும். கத்தரியால் சாய்வாக வெட்டுங்கள். காலை வெளிச்சத்திலேயே நாலைந்து ஊசியில் கோத்து, ஒரு துணி உருண்டையில் குத்தி வைத்தால் சாயங்காலத் தையலுக்கும் ஆகும்.

ஆண்களுக்கும்தான் சொல்கிறேன். ஊர் டெய்லர் கடையில் மிஷின் மிதிப்பவர் பெரும்பாலும் ஆண்தானே! அறுந்த சட்டைப் பொத்தானில் ஆரம்பியுங்கள். கண்ணாடி போட்டும் துளை தெரியவில்லையா? தள்ளிப்போடாமல் கண் டாக்டரைப் பாருங்கள்.