'ஆம்' சொல்லவா அனுப்பினோம்?



மானியக் கோரிக்கை எண் 43. இந்த எண்ணை எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறீர்கள்? கை தூக்குங்கள் பார்ப்போம். வெட்கப்பட வேண்டாம், உங்கள் எம்.எல்.ஏ.வைக் கேட்டாலும் யோசித்துத்தான் சொல்வார். தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்விக்கான பணம் அந்த எண்ணில்தான் சட்டப்பேரவைக்கு வருகிறது. 2025-26ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் அந்தத் துறைக்கு ஒதுக்கியது 46,767 கோடி ரூபாய்!

அத்தனை கோடியும் எப்படி நிறைவேறுகிறது? விவாத நாளில் கொள்கை விளக்கக் குறிப்பு என்று ஒரு தடித்த புத்தகம் உறுப்பினர் கைக்கு வரும். அவர் புரட்டுவதற்குள் விவாதம் ஆரம்பம். ஆளுங்கட்சிக்காரர் எழுந்தால் பாதி நேரம் தலைவருக்குப் புகழ்மாலை. எதிர்க்கட்சிக்காரர் எழுந்தால் "எங்கள் ஆட்சியில்" என்று பழங்கதை. மிச்ச நேரத்தில், "என் தொகுதியில் இன்ன ஊர்ப் பள்ளியைத் தரம் உயர்த்த வேண்டும்" என்பார்கள். கேட்கட்டும், அது அவர்கள் கடமை. மொத்தப் பணம் எதற்கு, எவ்வளவு போகிறது என்று கேட்பவர் யார்? கடைசியில் அமைச்சர் பதிலுரை, புதிய அறிவிப்புகள், மேசை தட்டல். தொகையைக் குறைக்கச் சொல்லி வெட்டுத் தீர்மானம் கொடுத்தவர்கள் திரும்பப் பெற்றுக்கொள்வார்கள். "ஆம்" என்று ஒரு குரல் எழும்பும். தீர்ந்தது! எந்தக் கட்சி ஆண்டாலும் இதே கதைதான்.

இன்னொன்றும் சொல்கிறேன். அரசமைப்புச் சட்டத்தின் 203ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். மானியக் கோரிக்கைக்கு ஒப்புதல் தரலாம், மறுக்கலாம், தொகையைக் குறைக்கலாம். ஒரு ரூபாய் கூட்டப் பேரவைக்கு அதிகாரம் இல்லை. அப்படியானால் பள்ளிக்கு எவ்வளவு என்பது எங்கே முடிவாகிறது? கோட்டையில், நிதித்துறை அறையில், நம் பிரதிநிதி உள்ளே நுழையாத கூட்டத்தில்.

கீழே வந்து பாருங்கள். முப்பது பிள்ளைகள் வரை படிக்கும் தொடக்கப் பள்ளிக்கு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் ஆண்டுக்குத் தரும் பள்ளி மானியம் 10,000 ரூபாய். சாக்பீஸ், துடைப்பம், பினாயில், உடைந்த குழாய், பழுதான மின்விசிறி எல்லாம் அதற்குள். பற்றாக்குறைக்குத் தலைமையாசிரியர் சட்டைப்பையில் கை விடுகிறார். ஆனால் தொகுதி நிதியில் ஒரு வகுப்பறை கட்டினால் போதும், கட்டிடத்தைவிடப் பெரிய எழுத்தில் எம்.எல்.ஏ. பெயர்!

டெல்லியின் குற்றம் தனி. பள்ளி மானியம் தரும் அதே திட்டத்தில் நூற்றுக்கு 60 பங்கு ஒன்றியம், 40 பங்கு மாநிலம். தேசியக் கல்விக் கொள்கையை ஏற்கச் சொல்லும் பிஎம் ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்துப் போடவில்லை என்பதற்காக 2024-25இல் 2,152 கோடியை நிறுத்தி வைத்தார்கள். கல்விக் கொள்கையில் சண்டை இருந்தால் நம்மோடு போடுங்கள், பிள்ளைகளின் பணத்தில் ஏன் கை வைக்கிறீர்கள்? 1976இல் 42ஆவது திருத்தத்தால் கல்வியை மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்கு இழுத்துக்கொண்டதன் விளைவு இது. கண்டிக்கிறோம். அதைச் சொல்லியே நம் ஊர்க்காரர்கள் தப்பித்துக்கொள்ளவும் விட மாட்டோம். அந்த 46,767 கோடி நம் பேரவை ஒதுக்கிய பணம்.

அதைக் கேள்வி கேட்க வழி இருக்கிறது. பக்கத்துக் கேரளச் சட்டப்பேரவையில் துறைவாரிக் குழுக்கள் இருக்கின்றன. மானியக் கோரிக்கை வாக்கெடுப்புக்கு வருவதற்கு முன் எல்லாக் கட்சி உறுப்பினர்களும் அங்கே உட்கார்ந்து, அதிகாரிகளைக் கேள்வி கேட்டு, வரி வரியாகப் பார்க்கிறார்கள். இங்கே ஏன் கூடாது? யார் தடுக்கிறார்கள்? பேரவை விதியைத் திருத்த டெல்லியிடம் அனுமதி வேண்டுமா?

ஆகவே தாய்மார்களே, ஓட்டுக் கேட்டு வாசலுக்கு வருகிறவரை நிறுத்தி வையுங்கள். சாலை, தண்ணீர் கேளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே இரண்டு கேள்வி: கோரிக்கை எண் 43 பற்றிப் பேரவையில் என்ன பேசினீர்கள்? பள்ளிக் கல்விக்குத் துறைக்குழு அமைக்கக் குரல் கொடுப்பீர்களா? பதிலை எழுதி வாங்குங்கள். எழுதித் தராதவருக்கு உங்கள் ஓட்டைத் தராதீர்கள்.