குடிக்காதவனுக்கு மோசல்ல என்ன வேலை?

போன மாசம் ஒரு போட்டோ போட்டிருந்தேன். மேல திராட்சைத் தோட்டம், கீழ வளைஞ்சு ஓடுற ஆறு. "நீதான் குடிக்கவே மாட்டியே, அங்க என்னடா வேலை?"ன்னு பாதிப் பேர் கேட்டுட்டீங்க. நியாயமான கேள்விதான்.

ஆபீஸ் வேலையா ஃபிராங்க்ஃபர்ட்ல மூணு வாரம் இருந்தேன். ஒரு சனிக்கிழமை, டீம்ல இருக்கிற ஜெர்மன் நண்பர் மலையேறக் கூப்பிட்டார். கோப்லென்ஸ்ல ரயில் மாறி, மோசல் ஆற்றங்கரையோட போய், நீளமான ஒரு சுரங்கத்தைத் தாண்டி எடிகர்-எல்லர்ல இறங்கினோம். எதிர்ல கால்மோண்ட். நான் மலைன்னு நினைச்சேன், அவர் தோட்டம்னு சொன்னார். சில இடங்கள்ல 65 டிகிரி சரிவு. ஐரோப்பாவிலேயே ரொம்பச் செங்குத்தான திராட்சைத் தோட்டங்கள்ல ஒண்ணு. நடக்கிற பாதையில இரும்பு ஏணியும், பிடிச்சுக்கக் கம்பி வடமும் வச்சிருக்காங்க. எனக்குக் கால் நடுங்கிடுச்சு, அதையும் சொல்லிடறேன்.

சமதரையை விட்டுட்டு ஏன் இங்க நடணும்? கிட்டத்தட்ட 50 டிகிரி வட அட்சம், குளிர் பிரதேசம். ரீஸ்லிங் பழுக்கணும்னா கிடைக்கிற வெயிலை வீணாக்கக் கூடாது. தெற்கு பார்த்த சரிவுல வெயில் நேரா விழும். தரை முழுக்கப் பலகைப் பலகையா ஸ்லேட் கல். சென்னையில மொட்டை மாடிக்குக் கீழ் ரூம்ல படுத்தவங்களுக்கு இது புரியும்: ராத்திரி பத்து மணிக்கும் கான்கிரீட் சூட்டைக் கக்கிட்டே இருக்கும்ல, அதே வேலையைத்தான் இந்தக் கல்லும் செய்யுது. நமக்குத் தொல்லை, கொடிக்குப் போர்வை. குளிர்ல பழம் மெதுவாப் பழுக்கிறதால புளிப்பும் போகாது, அந்த வைனோட பேரே அந்தப் புளிப்புலதான்.

ஆனா டிராக்டர் ஏறாது. ஒவ்வொரு கொடிக்கும் தனிக் கம்பு நட்டு, கையாலேயே கட்டுறாங்க. சாமான் ஏத்த ஒத்தைத் தண்டவாளத்துல ஒரு குட்டி வண்டி. வழியில பல துண்டு நிலம் புதர் மண்டிக் கிடந்துச்சு. அடுத்த தலைமுறை வரலைன்னார் நண்பர். இதுல பருவமும் மாறுது. ஐஸ்வைனுக்கு மைனஸ் 7 டிகிரியாவது வேணும், கொடியிலேயே பழம் உறையணும். 2019 அறுவடையில ஜெர்மனி முழுக்க ஒரு இடத்துலயும் அது கிடைக்கலை.

சாயங்காலம் ஒரு விவசாயி வீட்டு முற்றத்துல உட்கார்ந்தோம். வருஷத்துல சில மாசம் மட்டும் சொந்த வைனை வீட்டிலேயே விக்கலாம், அதுக்கு ஸ்ட்ராவுஸ்விர்ட்ஷாஃப்ட்னு பேர். வீட்டுக்கார அம்மா கிளாஸ் கொண்டு வந்தாங்க. வேண்டாம்னேன். ஏன்னு கேட்கலை. அவங்க தோட்டத்துத் திராட்சை ஜூஸைக் கொண்டு வந்து வச்சாங்க.

பழைய எபிசோட் கேட்டவங்களுக்கு அப்பா கதை தெரியும். எனக்கு மது வாசனைன்னா ராத்திரி கேட் திறக்கிற சத்தம். அதனால நண்பரோட கிளாஸை வாங்கி மோந்து பார்க்கவே பத்து நிமிஷம் ஆச்சு. பச்சை ஆப்பிள், எலுமிச்சைத் தோல். அவ்வளவுதான். அப்பா அதுல இல்லை. குடியால உடைஞ்ச குடும்பம் அந்த ஊர்லயும் இருக்கும், அதை மறைச்சு அழகாச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. நான் இன்னும் குடிக்கலை, குடிக்கப் போறதும் இல்லை. ஆனா அந்த மேஜையை விட்டு எழுந்து ஓடலை. எனக்கு அது பெருசு.

ராத்திரி அம்மாவுக்கு போட்டோ அனுப்பினேன். உடனே போன்.

"குடிச்சியா?"

"ஜூஸ்தாம்மா."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் கேட்டாங்க: "ஏன்டா, இவ்வளவு செங்குத்தா இருக்கே, அங்க குடிச்சிட்டு எப்படிடா இறங்குவாங்க?"